பானைகளை வரைந்தவள் பெயர்

என் கௌசி அக்காவுக்கு,

இல்லை, இன்னும் கொடுக்கவில்லை. நீ அதைத்தான் முதலில் கேட்பாய். உன் பானைப் படங்கள் எல்லாம் நம் அஸ்தினாபுரம் வீட்டு பீரோவில்தான் இருக்கின்றன. அதனால் அம்மா என்னோடு பேசுவதில்லை.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் ஆராய்ச்சியை நடத்திய காலேஜ் சார் வந்தார். மாலை போட்டார், சாப்பிட்டார், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் படங்களைக் கேட்டார். துருக்கியில் நீங்கள் ஆராய்ந்த, பழைய ஊர் புதைந்து கிடக்கும் அந்த அனடோலிய மண்மேட்டைப் பற்றிய புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். நம் மாமா வந்தவர்களிடமெல்லாம், "துருக்கியிலயும் நம்மாளுங்கதான் இருந்திருக்காங்க, கௌசிதான் கண்டுபிடிச்சா" என்று அளந்துகொண்டிருந்தார். நீ இருந்திருந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருப்பாய்.

சார் செல்போனில் சில பக்கங்களைக் காட்டினார். நீ அங்கிருந்து முன்பே அவருக்கு அனுப்பிய படங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அளவுகோலுக்குக் கீழே உன் பெயரைக் குட்டியாக எழுதுவாயே, அந்த மூலை மட்டும் எதிலும் இல்லை. வெட்டியிருக்கிறார்கள். பானை இருக்கிறது, நீ இல்லை.

கேட்டேன். நன்றி சொல்லும் பக்கத்தில் 'மறைந்த மாணவி' என்று ஒரு வரி வருமாம். அட்டையில் அவர் பெயர் மட்டும்.

எனக்குப் பானையைப் பற்றி என்ன தெரியும்? நீ சொன்னதுதான். உழுத வயலில் எல்லோரும் வரிசையாகத் தலை குனிந்து நடப்பீர்கள். ஏர் கிளப்பிவிட்ட பானை ஓடுகளைப் பொறுக்குவீர்கள். ஓடு எதையும் அந்த நாட்டை விட்டு வெளியே கொண்டுவர முடியாது. வரைந்தது மட்டும்தான் ஊருக்கு வரும். உள்ளங்கையளவு விளிம்புத் துண்டை வட்டம் போட்ட தாளில் வைத்துப் பார்த்து, வாய் எவ்வளவு அகலம் என்று கண்டுபிடித்து, முழுப் பானையையும் தாளில் நிறுத்துவாய். திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் அந்தப் பென்சில் படங்களுக்கெல்லாம் மை போட்டாய். தாள் பறக்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவாய். நான் கத்தினால், "வேர்த்தா செத்துட மாட்ட, படுடா" என்பாய். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் மரியாதை தர மாட்டாய்.

போன வாரம் ஒரு யோசனை வந்தது. மூலையில் எழுதினால்தானே வெட்டுவார்கள்? பானை மேலேயே உன் பெயரை எழுதிவிட்டால்? பேனாவைத் திறந்துவிட்டேன். அப்புறம் மாமா முகம் ஞாபகம் வந்தது. பானையிலேயே தமிழ் எழுத்து இருந்தது என்று ஊரைக் கூட்டிவிடுவார். நீ என்னை மன்னிக்கவே மாட்டாய். மூடி வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் சார் போன் செய்தார். "தம்பி, நீங்க படிப்ப முடிக்கல. பப்ளிகேஷன்லாம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாது சார். அட்டைல அக்கா பேரப் போட்டுத் தாங்க, படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்" என்றேன்.

நான் கொடுக்காவிட்டால், அந்த ஓடுகளின் போட்டோவைப் பார்த்து வேறொரு மாணவனை வரையச் சொல்வாராம். அப்போது அந்த ஒரு வரி நன்றியும் கிடையாதாம். இதைக் கேட்டதிலிருந்துதான் அம்மா பேசுவதில்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்: "அவ கண்ணு போக வரைஞ்சது புடவைக்கு அடியில மக்கணுமா? பேரு இல்லன்னாலும் புக்குல இருக்கட்டும்டா."

அம்மா சொல்வது சரியா, அக்கா? உன் பெயருக்காகச் சண்டை போட்டு உன் வேலையையும் நானே இல்லாமல் செய்துவிடுவேனா? இதை நீ ஒருமுறையாவது எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சார் இப்போது நம் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அம்மா காபி கொடுத்துவிட்டாள். அட்டையில் உன் பெயர் ஏறும் என்று அவர் கையெழுத்துப் போடாமல், நீ இழுத்த ஒரு கோடுகூட இந்த வாசலைத் தாண்டாது. இது சத்தியம்.

அம்மா பீரோவைத் திறக்கிறாள், சத்தம் கேட்கிறது. நான் போகணும்க்கா.

உன் தம்பி,
தினேஷ்