முடித்த பிறகு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனேன் அல்லவா? பள்ளி விடும் மணி இன்னும் அடித்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். டீச்சர் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் நம் முந்திரிக்கொட்டை விடையைப் போட்டுவிட்டாள். அப்புறம் எழுந்து பெஞ்சு பெஞ்சாகப் போய் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வந்த டீச்சர், "இவ இருக்கறதால எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அதே அரசுப் பள்ளியில் நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குத் தெரியாத கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. கல்லூரியில் முதல் வாரமே கேட்டார்கள். தெரியாது என்று சொல்லக்கூட எனக்குப் பழக்கமில்லை. அன்று மூடிய வாய். இன்றும் ஆபீஸ் கூட்டங்களில் திறப்பதில்லை.

இங்கே நான் வேலை பார்க்கும் ஊரில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் ஆறாம் வகுப்பிலிருந்து செலவெல்லாம் அவர்களுடையது. மாமாவிடமும் பேசிப் பார்.

உன் தங்கை


பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனியில் டீ நேரத்தில் படித்தேன். வந்த கோபத்தில் இரண்டு காலரைத் தலைகீழாகத் தைத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பாவமும் உன்னையே சேரட்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தானே நம் வீட்டின் முதல் பட்டதாரி ஆனாய்? வகுப்பு நிறையப் பிள்ளைகள், டீச்சர் ஒருத்தி. இவளை மட்டும் தனியாக உட்கார வைத்து அந்த அம்மா என்ன செய்வார்?

இப்படியெல்லாம் எழுத நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். "இன்னிக்கு என்னடி புதுசா படிச்சே?" என்று கேட்டேன். "புதுசா ஒண்ணும் இல்லம்மா. தெரிஞ்சதையே எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் குழாயடியில் நின்றேன்.

பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முடியாது என்கிறார் உன் மாமா. எனக்கு மட்டும் முடியுமா? ஆனாலும் தேர்வுக்கு நீயே அழைத்துப் போ. எனக்கு லீவு தரமாட்டார்கள். அவள் தேறிவிட்டால் கம்பெனிக்குப் போன் போடாதே. மிஷினில் விரலைக் கொடுத்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் "சரியாப் போகல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நடந்தது இதுதான்.

பெற்றோர்கள் எல்லாம் வராந்தாவில் காத்திருந்தோம். நேரம் முடியும் முன்பே கதவு திறந்தது. மேற்பார்வையாளர் இவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "பக்கத்துப் பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்கறா. இனி இவ பேப்பரைத் திருத்த மாட்டோம்" என்றார்.

எல்லாக் கேள்வியையும் எழுதிவிட்டாளாம். பக்கத்து பெஞ்சில் ஒரு சிறுமி பின்னக் கணக்குத் தெரியாமல் அழுதிருக்கிறாள். இவள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஒளித்து மறைத்துக்கூட இல்லை.

"பள்ளிக்கூடத்துல அவளுக்கு அதுதான் சார் வேலை" என்று நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கூட்டிவந்துவிட்டேன்.

பஸ்ஸில், "அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சு சித்தி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சுட்டு சும்மாவா உட்கார்ந்திருக்கணும்?" என்று கேட்டாள்.

"ஆமா. கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். யார் அழுதாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்றேன். என் மேல் இருந்த எரிச்சலை அவள் மேல் கொட்டிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறாம் வகுப்புக்கு மட்டும்தான் பிள்ளைகளை எடுப்பார்களாம். இனி அங்கே வழியில்லை. ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. கோபமாக இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன், உனக்குத் தெரியும்.

பழைய பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். நேற்று புது டீச்சர் வரச்சொன்னார். "கணக்கையெல்லாம் முதல்ல முடிச்சிடறா. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு ஜன்னலையே பார்க்கறா. பக்கத்துல இருக்கறவளுக்குச் சொல்லிக்குடும்மான்னா மாட்டேன்னு தலையாட்டறா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். நான் அசடு வழியச் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கேட்டதற்கு, "சித்தி அப்படித்தான் இருக்கச் சொன்னாங்க" என்றாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று. அது மட்டும்தான் ஆறவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உனக்குத் தெரியாதும்மா, சித்தி காலேஜ் படிச்சவங்க" என்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் நீயே பேசு. போனில் வேண்டாம். முழுங்கிவிடுவாய்.

அக்கா