உன் வகை ஒன்று, என் வகை மூன்று

திருவண்ணாமலை,
2.4.2024

அன்புள்ள வேதாவுக்கு,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை, ஆகவே இக்கடிதம்.

நம் மகன் மாறன் பிறந்தபோது உனக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வந்தது, உன்னிடமிருந்து எனக்குத் தொற்றியது, இனி என் முகத்தில் விழிக்க முடியாது என்று சொல்லிவிட்டு கீழ்பென்னாத்தூரில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். நான்கு மாதமாகிறது.

இவ்வைரஸில் பல வகைகள் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனாலும் வகை மாறாது. எல்லா வகைக்கும் ஒரே மாத்திரைதான், வகைப் பரிசோதனை தேவையில்லை என்றார் மருத்துவர். நான் வற்புறுத்திச் செய்துகொண்டேன். உன் பழைய அறிக்கையில் உள்ளது முதல் வகை. எனக்கு மூன்றாம் வகை. ஆகவே எனக்கு வந்தது உன்னுடையது அன்று.

இருவருக்குமான மாத்திரைகளும் அலமாரியில் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. வந்துவிடு.

சகாதேவன்

கீழ்பென்னாத்தூர்,
8.4.2024

என்னங்க,

"என்ன வேதா, இந்த வயசுல லவ் லெட்டரா?"னு அண்ணி ஒரே கிண்டல். வைரஸ் பத்தி எழுதியிருக்காருன்னேன். "அவரு அப்படித்தான் எழுதுவாரு"ங்கறாங்க.

படிச்சதும் அழுதுட்டேன். ஆனா அன்னிக்குப் பிரசவத்துல நான் பொழைக்கணும்னுதானே நீங்க மொட்டை வேண்டிக்கிட்டீங்க? குலதெய்வம் கோயில்ல வரிசையா எல்லாருக்கும் ஒரே கத்தி. உங்க காதோரம் கீறி ரத்தம் வந்துச்சு, நான்தான் மஞ்சள் வச்சேன். அப்போ மூணாம் வகையும் என்னாலதானே வந்திருக்கு?

வேதா

திருவண்ணாமலை,
12.4.2024

அன்புள்ள வேதாவுக்கு,

கேட்டேன். வகையைத்தான் சோதனை சொல்லும், வந்த வழியைச் சொல்லாது என்றார் மருத்துவர். கத்தியாகவும் இருக்கலாம்; வேறாகவும் இருக்கலாம். கத்தியே என்றாலும் வேண்டிக்கொண்டவன் நான். நீ பிழைத்தாய். அந்த வேண்டுதலில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. வகைகள் வேறு என்று படித்தவுடன் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. நீ இல்லாத வீட்டில், உன்னிடமிருந்து வந்த ஒன்றாவது என் உடம்பில் இருக்கிறது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது.

மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார்கள். நான் தொடங்கவில்லை. விதியை மீறுவது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. மருத்துவரிடம் அதை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

சகாதேவன்

கீழ்பென்னாத்தூர்,
16.4.2024

என்னங்க,

இதைக்கூடவா எழுதி வாங்குவீங்க? அந்த டாக்டர் பாவம்.

என்கிட்டேர்ந்து வந்தது ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க காபியைத் தொட்டதே கிடையாது. இப்போ சர்க்கரை ஜாஸ்தியா ரெண்டு டம்ளர் குடிக்கிறீங்களே, அது யாருது? அதெல்லாம் ரிப்போர்ட்ல வராதுங்க.

சித்ரா பௌர்ணமிக் கூட்டத்துல பஸ் ஏற முடியாது. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை காலையில வந்துடறேன். மாத்திரைப் பெட்டியைப் பிரிக்காதீங்க, சேர்ந்தே ஆரம்பிக்கலாம். உங்க ஷேவிங் பிளேடை மட்டும் தனியா எடுத்து வைங்க.

பால் வாங்கி வைங்க.

உங்க வேதா