நீ கேட்ட இரண்டு வருடம்

இராயபுரம்,
18.7.1971

அன்பு மகள் ஹில்டாவுக்கு,

டில்லி வெயிலில் உன்னையும் மாப்பிள்ளை செல்வநாதனையும் மாதா வாடாமல் காக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம்.

நர்ஸ் மேற்படிப்பு முடிய இரண்டு வருடம் ஆகும், அதுவரை குழந்தை வேண்டாமென்று இருவரும் நினைப்பதாக எழுதியிருந்தாய். அம்மா அன்று சோற்றைத் தொடவில்லை. "இருவத்தெட்டு ஆவுது. பதினாறு வயசுல கட்டியோட ஒரு பக்கத்து முட்டைப்பையும் எடுத்துட்டாங்க. கீறது ஒண்ணு. தள்ளிப்போட்டா இன்னா ஆவறது?" என்று ஒரே அழுகை. எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹார்பருக்கு லீவு போட்டுவிட்டு, உனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். பெண்கள் வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். காசிமேட்டு மீன்காரி ஒருத்தி, நிறைமாதம், "இன்னா நைனா, உனுக்கு எத்தினி மாசம்?" என்றாள். வரிசையே சிரித்தது. திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. மகளுக்காக வந்தேன் என்றதும், "நீ மின்னால போ நைனா" என்று அவளே வழிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. பழைய சீட்டைப் படித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தேன், தலைகுனிந்தபடி சொன்னேன். "ஒன்று நன்றாக இருந்தால் போதும். இரண்டு வருடம் பொறுக்கலாம். அதற்குமேல் வருடக்கணக்காகத் தள்ள வேண்டாம். அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளட்டும். ஆனால் உறுதி கேட்காதீர்கள், இரண்டும் இருப்பவளுக்கே என்னால் தர முடியாது" என்றார்.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிறக்குமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அன்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேனே, அது தப்பா என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாக யாரிடமும் கேட்காதது. "போடாவிட்டால் இன்று கேட்பதற்கு மகளே இருந்திருக்க மாட்டாள்" என்றார். பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே நடந்தேன். ஆனால் உடம்பு லேசாக இருந்தது.

அம்மா நான் சொன்னதை நம்பவில்லை. மறுநாள் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வரும் வழியில் வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்தாள்.

எப்போது என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். எங்கள் முகத்துக்காக எதுவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டுவதை மட்டும் தள்ளிப்போடாதே, மகளே. ஆண்டவரிடம் நான் கேட்டது உன் உயிர் ஒன்றுதான். அதை அவர் அன்று நீ படுத்திருந்த வார்டிலேயே கொடுத்துவிட்டார். இனி வருவதெல்லாம் அவர் தயவு.

உன் அப்பா,
இக்னேஷியஸ்