ஏழு பெயர்களின் தகடு

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மழுப்பாதே; மாடிப்படி ஏற முடிகிறதா, இல்லையா, அதை எழுது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நான் வேலை பார்க்கும் இந்த ஊரில் ஒரு குண்டுவீச்சு விமானம் வயலில் விழுந்து, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்களாம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருடக்கணக்காக அலைந்து அவர்கள் பெயர்களைக் கண்டுபிடித்தார். நினைவுத் தகடு வெட்டும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. பெயர்களைப் பதவி வரிசைப்படி வெட்டி முடித்தேன்.

விமானத்தின் வால்பக்கம் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவரின் தங்கை, வயதானவர், பார்க்க வந்தார். கடைசியில் இருந்த அண்ணன் பெயரைத் தடவி, "அங்கயும் கடைசில தனியாத்தான் உக்காந்திருந்தான். இங்கயுமாப்பா?" என்றார்.

"வரிசைன்னா யாராவது ஒருத்தர் கடைசிதாம்மா" என்றேன்.

அப்போது உன் நினைவு வந்தது. சோற்றைப் பிசைந்து நடுவில் வைத்துக்கொண்டு, எங்களைச் சுற்றி உட்காரவைத்து உருட்டிக் கொடுப்பாயே. யார் கடைசி என்ற சண்டையே வராது. புதுத் தகட்டில் ஏழு பெயர்களையும் வட்டமாக வெட்டினேன். தகடு வீணானதற்கு முதலாளி முறைத்தார். அந்தத் தங்கை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, "இப்ப ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு" என்றார்.

என் பழைய போர்வையை அனுப்பு, புதிது வேண்டாம். என் தட்டில் தம்பி சாப்பிடுகிறானாமே, பிடுங்கி வை. இயந்திரம் கத்துகிறது, போகிறேன். சாப்பிட உட்காரும்போது நெருங்கி உட்கார்ந்து என் இடத்தை மூடிவிடாதீர்கள்.

உன் மூத்தவன்