தரை மண்ணாவே இருக்கட்டும்

என் கண்ணு பர்னோவுக்கு,

அம்மாவோட ஸலாம். அல்லா கருணையில இங்க எல்லாரும் எழுந்து நடமாடுறோம், நீயும் தைவான்ல அந்த மெஷினுக்கு நடுவுல கைகால் பத்திரமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேட்டுக்கறேன். போன்ல பேசாம எதுக்குக் கடுதாசின்னு யோசிப்பே. போன்ல சொன்னா நீ குறுக்கே குறுக்கே பேசுவே, நான் அழுதுடுவேன். பொறுமையாப் படி.

நீ ஆசையா அனுப்பி வச்ச டைல்ஸ் செவ்வாய்க்கிழமை லாரியில வந்து இறங்குச்சு. வெள்ளை வெளேர்னு, ஓரத்துல பூப்போட்டு. பக்கத்து வீட்டு சார்த்தி அக்கா, இனிமே உங்க வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணுமான்னு கிண்டல் பண்ணினா. உங்க அப்பாவுக்குத் தலைகால் புரியலை, எம் மவன் எம் மவன்னு போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்திக் காட்டினார். எனக்கு மட்டும் ஆஸ்பத்திரி அட்டை நெனப்புதான். வாரத்துக்கு ரெண்டு தடவை அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்றது அரசாங்கத்தோட இலவச அட்டையிலதான். விலைவாசி ஏறினதுக்காகக் குடுக்கற அரிசியும் எண்ணெயும் அதே ஏழைங்க பட்டியல்லதான் வருது. அந்தப் பட்டியலை இப்போ புதுசா எடுக்கறாங்க, வீட்டுத் தரை மண்ணா சிமெண்டா டைல்ஸான்னுதான் முதல்ல பார்க்கறாங்களாம். கீழத்தெரு கர்சோ வீட்டுத் தரைக்கு சிமெண்ட் பூசினான், அட்டை போச்சு. ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பினப்பத்தான் அவனுக்கே தெரிஞ்சுதாம்.

பயந்துபோய் பெட்டியெல்லாம் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி அடுக்கி வாழைச்சருகு போட்டு மூடினோம். வியாழக்கிழமை கணக்கெடுக்கிற பொண்ணு வந்தா. நல்ல பொண்ணுதான், மண் தரைன்னும் பார்க்காம சப்பணம் போட்டு உட்கார்ந்தா. வெளிநாட்டுல பையன் இருக்கானாமே, பணம் அனுப்பறானான்னு கேட்டா. உங்க அப்பாதான் பேசினார். பேருக்கு இருக்கான், போனதுலேர்ந்து ஒரு வார்த்தை இல்லை, ஒரு உதவி இல்லை, அவனை நாங்க தலைமுழுகியாச்சுன்னு சொன்னார். டைல்ஸைப் பார்த்த அத்தனை பேரும் வாசல்ல நிக்கறாங்க, ஒருத்தர் மூச்சு விடலை. சார்த்தி அக்காதான், ஆமாம்மா, உருப்படாத பிள்ளைன்னு ஒத்து ஊதினா. அவ நல்லா இருக்கணும்.

அந்தப் பொண்ணு போனதும் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். அவருக்குப் பிடிச்ச சோயா டெம்பே பொரிச்சு வச்சேன், தொடலை. என் பிள்ளையை என் வாயாலயே இப்படிச் சொல்லிட்டேனேடின்னு ஒரே புலம்பல். அந்தப் பொண்ணு பதிஞ்சுக்கிட்டது கம்ப்யூட்டர்ல அப்படியே இருந்துடுமான்னு கேக்கறார். சொன்னது பொய்தான். ஆனா உன் சம்பளம் மொத்தமும் வந்தாக்கூட அந்த ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாதே, நாம என்ன பணக்காரங்களா?

ஊர்க்காரங்க யாராவது சொல்லி உன் காதுல விழறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னுதான் எழுதறேன். அப்பா மேல கோவிச்சுக்காதே. முடிவு வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் எதுவும் அனுப்பாதே. பெருநாளைக்கு ஊருக்கும் வராதேப்பா. பெத்தவ எழுதற எழுத்தா இது! ஆனா வந்துடாதே.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அப்பா ஒரே ஒரு டைலை மட்டும் எடுத்துக் கட்டிலோரமா மண்ணுல பதிச்சு, மேல பாயைப் போட்டு மறைச்சு வச்சிருக்கார். காலையில எழுந்ததும் பாயை விலக்கி, முதல் அடியை அதுமேலதான் வைக்கிறார்.

நீ நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். ராத்திரி ஷிப்டுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கோ. இந்தக் கடுதாசியைப் படிச்சதும் கிழிச்சுடு.

உன்னைத் தலைமுழுகாத
அம்மா வாகியெம்