முத்துப் பிடி எனக்கு வேண்டாம்

ரங்கூன், 1926 ஆடி, செவ்வாய்

போன வாரம் லான்மடாவில் ராத்திரி பிரசவம் பார்த்துத் திரும்பும்போது ஒருவன் ரிக்‌ஷாவை மறித்து என் கையைப் பிடித்து இழுத்தான். இன்று லைசென்ஸோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முத்துச்சிப்பியில் பிடி போட்ட குட்டிப் பிஸ்டலை எடுத்து வைத்தார். "லேடீஸுக்கு இதுதாம்மா அழகு."

மேல்பாகத்தை இழுத்தால்தான் அதில் குண்டு ஏறும். வியர்த்த கையில் வழுக்கியது. கட்டைக் குழல் ரிவால்வரைக் கேட்டேன். கனம்தான், ஆனால் விசையை அழுத்தினால் போதும். என் மருந்துப் பையில் போட்டு எடுத்துப் பார்த்தேன், சிக்காமல் வந்தது.

"ராத்திரி கேஸை விட்டுடேன்" என்றார் கூட வந்த என் கணவர்.

"புள்ள பகல்லதான் பொறக்கும்னு எழுதிக் குடுங்க, விட்டுடறேன்."

கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ரிவால்வரையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் வீடு வந்தேன்.

தாமுவேயில் ஒருத்திக்கு இன்றோ நாளையோ வலி கண்டுவிடும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போவேன்.