காப்பு நாளில் காலியாகக் கிடந்த கருவாட்டுக் களம்

அனுப்புநர்:
கு. சின்னையன், வயது 71,
மேட்டுத் தெரு, சிறுமணல்குப்பம்,
செங்கல்பட்டு வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: சூரிய ஒளி மின் நிலையம் – சிறுமணல்குப்பம் சர்வே எண் 114/2 – மீன் காயவைக்கும் களத்தைப் பயன்பாட்டில் இல்லாத தரிசு எனக் குறித்தது – மறு ஆய்வு செய்து களத்தை விலக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நில ஆய்வுக் குறிப்பு, நாள் 28.07.2009.
2. கருத்துக் கேட்புக் கூட்டக் குறிப்பு, நாள் 30.07.2009.
3. நிறுவனத்துக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குப்பத்துக்கு மேற்கே பதினோரு ஏக்கர் புறம்போக்கில், கண்ணாடித் தகடுகளைப் பரப்பி வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து மின் வாரியக் கம்பியில் சேர்க்கும் நிலையம் ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் அமைக்க இருக்கிறது. அந்தப் பதினோரு ஏக்கரில் நான்கு ஏக்கர் எங்கள் கருவாட்டுக் களம். நாற்பத்து மூன்று பெண்கள் அங்கே மீன் காயவைத்துப் பிழைக்கிறார்கள். நிறுவனத்தின் காகிதத்தில் அந்த நான்கு ஏக்கரும் தரிசு.

2. அப்படி எழுத ஆதாரமாக வைத்த காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதைத் தாங்கள் கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

3. நடந்தது இது. ஆடி மாதம் 26.07.2009 ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டினோம். காப்பு அவிழும்வரை எட்டு நாள் யாரும் கடலுக்குப் போவதில்லை. மீன் சமைப்பதில்லை, காயவைப்பதில்லை. பாய், வலை, உப்புத் தொட்டி எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து, களத்தைக் கூட்டிக் கழுவி விட்டுவிடுவோம். செதில்கூட இருக்காது. செவ்வாய்க்கிழமை காலை நிறுவனத்தார் மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். ஊரார் என்னைக் காட்டினார்கள்.

4. "பெரியவரே, பார்த்ததைத்தான் எழுதியிருக்கோம். படிச்சுப் பாத்துட்டே போடுங்க" என்றார் அவர்களில் ஒருவர். இரண்டு தடவை படித்தேன். ஆய்வின்போது நிலம் காலியாக இருந்தது, ஆட்களோ பொருட்களோ இல்லை என்று இருந்தது. அது உண்மை. உண்மைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது? ஊருக்குள் வரும் வழியில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதன் அடியில்தான் ஜீப் வந்தது. தோரணத்தைப் பார்த்தவர்களுக்குக் காப்பு என்று வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பகுதியில் எவருக்கும் தோன்றாது. வந்தவர்கள் இந்தப் பகுதியினர் அல்லர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை. ஊரின் பிழை அல்ல.

5. அன்றே கூட்ட அறிவிப்பு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில். காப்புக் கட்டியபின் ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது. ஒருவரும் போகவில்லை. ஆட்சேபம் தெரிவிக்க எவரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இதுவும் உண்மைதான். இரண்டு உண்மைகளைச் சேர்த்து வைத்து ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறார்கள், ஐயா. தெரிந்து கட்டினார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தெரிவித்த பிறகும் பிரிக்கவில்லை என்பதே என் புகார்.

6. என் தம்பி மனைவி செங்கம்மாள், கணவனை இழந்தவர், அந்தக் களத்தை வைத்து இரண்டு பெண்களை வளர்க்கிறார். வேலிக் கல் இறங்கிய அன்று ஊர் நடுவில் வைத்து என்னைக் கேட்டார்: "இன்னா மாமா, ஒரு கையெழுத்து போட்டு களத்தையே தூக்கிக் குட்த்துட்ட? அவன் கண்ணாடியப் பரப்பிட்டா நாங்க மீன எங்க காய வெக்கறது, உன் மண்டை மேலயா?" எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இதற்காக அலைவதில் நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு.

7. கடிதங்களுக்குப் பதில் வராததால் நிறுவன அலுவலகத்துக்கு நேரில் போனேன். கடற்கரை மணலில் காயவைக்கலாமே என்று மேலாளர் கேட்டார். நெத்திலியில் மணல் ஏறினால் அச்சரப்பாக்கம் வியாபாரி கூடையைத் தொடமாட்டார். களம் களிமண் இறுகிய மேடு. நிழல் விழாது, காற்று தடைபடாது. அவர்கள் தகட்டுக்கு என்ன வேண்டுமோ அதுவேதான் எங்கள் மீனுக்கும் வேண்டும். அதனால்தான் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறோம். பத்துப் பெண்களுக்குத் தகடு துடைக்கும் வேலை தருவதாகவும் சொன்னார். மீதி முப்பத்து மூன்று பேர் என்ன செய்வது என்று கேட்டேன். தேநீர் வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

8. மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டில் புழுங்குகிற ஊர் இது. களத்துக்குத் தெற்கே, கைவிட்ட இறால் பண்ணைக் குட்டைகள் ஐந்து ஏக்கருக்குக் குறையாமல் கிடக்கின்றன. நானே நடந்து அளந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே யாருக்கும் வேலை இல்லை. மண் நிரப்பினால் தகடு நடலாம். நிரப்பச் செலவாகும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

9. ஆகவே நான் கோருவது: நான்கு ஏக்கர் களத்தை நிலையத்தின் எல்லையிலிருந்து விலக்க வேண்டும். அதுவரை வேலி நடுவதை நிறுத்த வேண்டும். என் கையெழுத்தை அடிக்க வேண்டாம். அது நான் போட்டதுதான். அன்று ஊரில் காப்பு என்று அதன் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இழப்பீடு பேச ஆள் அனுப்பினால் நான் பேசமாட்டேன்.

10. வேலிக்குக் குழி வெட்டி முடித்துவிட்டார்கள். பெண்கள் குழிகளுக்கு நடுவே பாய் விரித்து மீன் போடுகிறார்கள். தாங்கள் நேரில் வர வேண்டும், அல்லது நம்பிக்கையான அலுவலர் ஒருவரை அனுப்ப வேண்டும். முன்கூட்டித் தெரிவிக்கத் தேவையில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். ஆனால் வரும் புரட்டாசி முடிவதற்குள் வர வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் களம் மறுபடியும் காலியாகத்தான் இருக்கும். மறுபடியும் ஒருவர் வந்து, பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டு போவார்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) கு. சின்னையன்

நாள்: 14.09.2009
இடம்: சிறுமணல்குப்பம்

இணைப்பு: 43 பெண்களின் ஒப்பமும் கைநாட்டும், மூன்று தாள்கள்.